நடுநிலையாளன் வீடு

கை வெந்தது அவளுக்குத் தெரியவில்லை. எதிரே நின்ற தோழி வெடிதான் முதலில் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்புகிற சலவைக்கூடம் அது. பிழிந்து வந்த விரிப்பின் இரண்டு முனைகளை இரண்டு பெண்கள் ஆளுக்கொன்றாகப் பிடித்து, ஒரு உதறு உதறி, சுடுஉருளைக்குள் கொடுப்பார்கள். இந்தப் பக்கம் ஈரமாகப் போவது அந்தப் பக்கம் காகிதம் மாதிரி மொடமொடவென்று வந்து விழும். உருளைக்கு ஒரு சாண் இருக்கும்போதே கையை எடுத்துவிட வேண்டும். பத்தொன்பது வருஷமாகக் கையை எடுத்தவள், அன்றைக்கு எடுக்கவில்லை.

"அக்கா! கை! கையை எடுக்கா!"

வெடி போட்ட கூச்சலில் மேஸ்திரி ஓடிவந்து இயந்திரத்தை நிறுத்தினார். வெடி என்பது அவளுக்கு இங்கே வைத்த பெயர். அவள் சிரித்தால் தகரக்கூரை அதிரும். கடந்த முப்பத்தெட்டு நாளாக அவளும் சத்தம் குறைத்துத்தான் சிரிக்கிறாள்.

நான்கு விரலும் நுனியில் வெளுத்துப்போயிருந்தன. அவள் அதை யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"வலிக்கலியாக்கா?"

"தெரியல."

"தெரியலைன்னா என்ன அர்த்தம்? ஒண்ணு வலிக்குது, இல்ல வலிக்கல."

"வலிக்கல போலிருக்கு."

வெடி குழாயைத் திறந்து அவள் கையைத் தண்ணீரில் பிடித்தாள். மேஸ்திரி, "வீட்டுக்குப் போயிடும்மா. நாளைக்கு வந்தா மடிக்கிற மேசையில நில்லு. உருளைப் பக்கம் வேண்டாம்" என்றார். நல்ல மனுஷர். ஆனால் துக்கம் நடந்த வீட்டாரிடம் பேசும்போது ஜனங்களுக்கு வந்துவிடுகிற ஒரு குரல் அவருக்கும் வந்திருந்தது. தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிற குரல்.

மகள் பெட்டியில் வந்து இறங்கிய நாளிலும் அவள் அழவில்லை. தெருவே கூடி நின்று அவள் எப்போது வெடித்து அழுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. "கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்று யாரோ பின்னால் சொன்னது அவள் காதில் விழுந்தது. உண்மைதான் என்று நினைத்துக்கொண்டாள். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள். டீ டம்ளர்களைக் கழுவினாள். நான்காம் நாள் வேலைக்குப் போனாள்.

ஒரே மகள். வீட்டில் பாப்பா. ஐந்தடி பத்தங்குல உயரத்துக்கு வளர்ந்து, இருபத்தொரு வயதில் ராணுவத்தில் சேர்ந்து, இருபத்துநாலில் போர்முனைக்குப் போன பிறகும் பாப்பாதான்.

*

வீட்டுக்காரர் முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கைபட்டு ஓடியவை. முழங்கால் தேய்ந்து ஏணி ஏற முடியாமல் போனதும் இரண்டு வருஷமாக வீட்டோடு இருக்கிறார். சும்மா இருந்து பழக்கமில்லாத மனுஷர். முதலில் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி மாட்டினார். அப்புறம் மிக்ஸி. அதற்குப் பிறகு கழற்ற ஒன்றும் இல்லாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை.

இணையத்தில் ஒரு விவாதப் பக்கம். அங்கே அவருடைய பெயர் நடுநிலையாளன். நடுநிலைக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஜனநாயகம் வேண்டுமா, மதம் அரசியலில் மூக்கை நுழைக்கலாமா, ஆணும் பெண்ணும் சமமா, எதுவானாலும் அவருக்கு ஒரு பக்கம் உண்டு, அந்தப் பக்கத்தில் முதல் வரிசையில் நிற்பார். எதிர்ப்பக்கத்தில் 'அறம் வெல்லும்' என்று ஒருவர். முகம் தெரியாது, ஊர் தெரியாது. இவர்கள் இரண்டு பேரும் ஒரு நாள் சண்டை போடாவிட்டால் மறுநாள் காலையில் இவருக்கு வயிறு சரியாக இருக்காது.

அன்றைக்குக் கையில் துணி சுற்றிக்கொண்டு மத்தியானமே வந்தவளை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாரு இவன் எழுதறதை. உயிரைத் தர்றவ உயிரை எடுக்கக் கூடாதாம். கடவுள் வகுத்த கோடாம். அப்ப ஆம்பளை என்ன உயிரை எடுக்கவே பொறந்தவனா? கேட்டேன். பதில் இல்ல. ஓட்டுப் போட ஆம்பளை பொம்பளை கிடையாது, வரி கட்ட கிடையாது, நாட்டுக்காகச் சாகறதுக்கு மட்டும்..."

'சாகறதுக்கு' என்ற சொல்லில் விரல் ஒரு நொடி நின்றது. பிறகு தட்டிக்கொண்டே போனார்.

"சாப்பிட்டீங்களா?"

"ரொட்டி இருந்துச்சு. நீ ஓட்டுப் போட்டியா?"

"இல்ல."

"வெள்ளிக்கிழமை ஆறு மணியோட முடியுது. ஏன் இன்னும் போடல?"

"கை வெந்துருச்சு."

"அப்படியா" என்றார். அப்புறம்தான் திரும்பினார். "எப்படி?"

"உருளையில."

"பிரேக் கட்டை இருக்குமே அதுக்கு? காலால மிதிச்சா நிக்கணுமே."

"இருக்கு. நான் மிதிக்கல."

அவர் கொஞ்சநேரம் அந்தத் துணிக்கட்டைப் பார்த்தார். எழுந்து வரப்போகிறார் போலத்தான் இருந்தது. திரையில் 'டிங்' என்றது. திரும்பிவிட்டார்.

அந்த ஓட்டு இதுதான். போர்முனையில் பெண்கள் தொடரலாமா, கூடாதா? ஜனங்களே இணையத்தில் ஆம், இல்லை என்று சொல்லலாம் என்று அரசாங்கம் ஒரு கருத்துக் கணிப்பு வைத்திருந்தது. முடிவு நாடாளுமன்றத்துக்குப் போகும். அதற்கு நெருப்பு வைத்தது பாப்பாவின் சாவுதான். கூடவே அவளுடைய ஒரு படம். வண்டியின் முன்மூடியின் மேல் உட்கார்ந்து, மடியில் துப்பாக்கி, ஒரு காலில் பூட்ஸ், மற்ற காலில் வெறும் சாக்ஸ், எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கூட்டம் அதன் கீழே, 'இவளைக் கொன்றது சமத்துவம்' என்று எழுதியது. இன்னொரு கூட்டம், 'கடைசித் தோட்டா வரை நின்றாள்' என்று எழுதியது.

ராணுவத்திலிருந்து வந்த கடிதத்தில் 'பணியின்போது' என்று மட்டும்தான் இருந்தது. கடைசித் தோட்டா இவர் எழுதியது. அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள், 'அறம் வெல்லும்' எதையோ சொல்லப் போக, கோபத்தில் நடுநிலையாளன் எழுதிய வரி. அது இறக்கை முளைத்துப் பறந்து, சுவரொட்டியாகி, அவர்கள் தெருமுனைக்கே திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது அவரே அதை நம்பினார். அவள் அவரைத் தப்புச் சொல்லவில்லை. எதையாவது பிடித்துக்கொண்டுதானே நிற்க வேண்டியிருக்கிறது.

*

மறுநாள் புதன்கிழமை. சாப்பாட்டு மணி அடித்து வெளியே வந்தபோது, தள்ளுவண்டிகள் நிறுத்தும் கொட்டகையில் ஒரு பெண் நின்றிருந்தாள். ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டின முடி இப்போதுதான் வளர ஆரம்பித்திருந்தது. இரண்டு மணிக்கட்டிலும் கெட்டியான வெள்ளைக் கட்டு. குள்ளம்.

"நீங்கதானே ஒட்டகத்தோட அம்மா?"

"யாரு?"

"மன்னிச்சுக்கங்கம்மா. நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். உசரமா இருப்பா இல்ல? எதுக்கெடுத்தாலும் கழுத்தை நீட்டி நீட்டிப் பாப்பா."

முப்பத்தொன்பது நாளில் மகளைப் பற்றி அவள் கேட்ட முதல் புதுச் செய்தி அது. ஒட்டகம். உள்ளுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு வந்திருக்கலாமேம்மா."

"ரெண்டு நாள் வந்தேன். தெருமுனை வரைக்கும். சுவத்துல அவ படம் ஒட்டியிருந்துச்சு, கடைசித் தோட்டான்னு எழுதி. அதைத் தாண்டிக் கால் வரல. பக்கத்துக் கடையில விசாரிச்சேன். இங்க வேலை பாக்கறீங்கன்னு சொன்னாங்க."

"உக்காரு."

இரண்டு பேரும் கவிழ்த்துப் போட்ட கூடைகளின் மேல் உட்கார்ந்தார்கள். உள்ளே பெரிய இயந்திரம் சுற்றுகிற சத்தம் காலடியில் அதிர்ந்துகொண்டிருந்தது. மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது, ஆனால் வரவில்லை.

"அன்னிக்கு சண்டையே இல்லம்மா" என்றாள் அந்தப் பெண், முன்னுரை எதுவும் இல்லாமல். "நாலு நாளா ஒண்ணும் இல்ல. எல்லாரும் துணி தோச்சு, சீட்டாடி, பேன் பாத்துட்டிருந்தோம். தண்ணி தீந்துபோச்சு. டேங்கர் எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க. அவ வரணும்னே இல்ல, அவ முறை இல்ல. 'நீ தனியா போனா தூங்கித் தொலைப்பே, நான் பேசிட்டே வர்றேன்'னு ஏறி உக்காந்துட்டா."

"என்ன பேசினா?"

"உங்களை மாதிரி பேசிக் காட்டினா. 'போறதுன்னா போ, போர்வையை எடுத்துட்டுப் போ'. அதை அப்படியே உங்க குரல்ல சொல்லுவா. எங்க கூடாரத்துல யார் எங்க கிளம்பினாலும் எல்லாரும் அதைத்தான் சொல்லுவோம். கக்கூசுக்குப் போனாலும், போர்வையை எடுத்துட்டுப் போ."

அவள் அப்படிச் சொன்னது நிஜம்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால், வாசலில். அப்பா மார்தட்டிக்கொண்டிருந்தார். இவளுக்குச் சொல்ல வேறெதுவும் தோன்றவில்லை. முகம் தெரியாத பெண்கள் கூடாரத்துக்குள் உட்கார்ந்து அவள் குரலில் பேசிச் சிரித்திருக்கிறார்கள் என்பதை அவள் மெதுவாக விளங்கிக்கொண்டாள்.

"அப்புறம்?"

"தண்ணி பிடிச்சோம். வழியில இன்னொரு முகாம்ல கெஞ்சினாங்க, பாதியை இறக்கிக் கொடுத்தோம். அங்கதான் தப்பு நடந்துச்சு. டேங்கர் முழுசா இருந்தா ஆடாது, காலியா இருந்தாலும் ஆடாது. பாதித் தண்ணி இருந்தா, வண்டி இந்தப் பக்கம் திரும்பும்போது தண்ணி அந்தப் பக்கம் போய் மோதும். மழை வேற. மலை இறக்கம். பிரேக் ஒரு பக்கமா இழுக்குதுன்னு மூணு தடவை எழுதிக் கொடுத்திருந்தேன். பாக்கறோம் பாக்கறோம்னே சொல்லிட்டிருந்தாங்க."

அவள் நிறுத்தினாள். கட்டுப்போட்ட இரண்டு கையையும் மடியில் அடுக்கி வைத்துக்கொண்டாள், வேறு யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன பொருள் மாதிரி.

"நாந்தாம்மா ஓட்டினேன்."

சலவைக்கூடத்துக்குள் யாரோ எதற்கோ கத்தினார்கள்.

"அவ ஒண்ணும் சொல்லலியா?"

"'பிடி, பிடி'ன்னா. பிடிச்சேன். ஸ்டியரிங்கை விடவே இல்ல. அதான் ரெண்டு கையும் போச்சு. அவ பக்கம்தான் பாறையில மோதிச்சு. நான் இறங்கி வந்து பாக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. நீங்க கேக்கலாம், வலிச்சிருக்குமான்னு. இல்லம்மா. சத்தியமா இல்ல. அவகிட்ட அன்னிக்குத் துப்பாக்கி கூட இல்ல. மடியில ஒரு பிஸ்கட் பொட்டலம் இருந்துச்சு."

"சாப்பிட்டியா நீ?" என்றாள் இவள்.

"என்னம்மா?"

"மத்தியானம் சாப்பிட்டியான்னு கேட்டேன்."

பதிலுக்குக் காத்திராமல் டப்பாவைத் திறந்தாள். ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, முட்டை. அந்தப் பெண்ணால் அந்தக் கைகளோடு எதையும் பிய்க்க முடியாது. இவள் ரொட்டியைப் பிய்த்து, கிழங்கை நசுக்கி உள்ளே வைத்து, வாயருகே நீட்டினாள். அந்தப் பெண் ஒரு நொடி தயங்கி வாயைத் திறந்தாள். மென்றுகொண்டே அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே மென்றாள். இவள் அடுத்த துண்டைப் பிய்த்தாள். டப்பா காலியாயிற்று.

"நான் வெளிய சொல்லலாமா?" என்று கடைசியில் இவள்தான் கேட்டாள்.

"உங்க பொண்ணு, உங்க இஷ்டம். ஆனா சொன்னா, பொம்பளை வண்டி ஓட்டினா இப்படித்தான்னு ஆரம்பிப்பாங்க. என்னைச் சொல்லட்டும், நான் தாங்கிக்குவேன். அங்க இன்னும் பதினோரு பேர் ஓட்டறாங்கம்மா, அதே மாதிரி வண்டியை. சொல்லலைன்னா, அவ இல்லாத ஒருத்தியா சுவத்துல ஒட்டிக்கிட்டே இருப்பா. எனக்கு ரெண்டும் தாங்கல. அதான் உங்ககிட்ட வந்து கொட்டிட்டேன். கையை டாக்டருங்க பாக்கணும்னு சொல்லியிருக்காங்க, சனிக்கிழமை காலையில பஸ்."

மணி அடித்தது. இவள் எழுந்தாள்.

"எத்தனை மணி பஸ்ஸு?"

"ஏழு."

*

வியாழக்கிழமை மடிக்கிற மேசையில் வெடி தன் போனை நீட்டினாள். "அக்கா, பாக்கணுமா வேண்டாமான்னு தெரியல. புதுசா ஒண்ணு சுத்துது."

அதே படம். பின்னால் நெருப்பும் புகையும் சேர்த்திருந்தார்கள். சிரிப்பை ஏதோ செய்து உதட்டை இறுக்கியிருந்தார்கள். சாக்ஸ் மட்டும் இருந்த காலில் ஒரு பூட்ஸ் மாட்டிவிட்டிருந்தார்கள். 'நாளை மாலை ஆறு மணிக்குள் இவளுக்காக ஆம் என்று சொல்லுங்கள்.'

"ரெண்டு காலிலயும் போட்டுட்டாங்க" என்றாள் அவள்.

"என்னக்கா?"

"பூட்ஸு."

வெடிக்குப் புரியவில்லை. அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மடித்தாள். நாலு மூலை, ரெண்டாக, நாலாக, எட்டாக. ஷிஃப்ட் முடிகிற வரை இருநூறு விரிப்பு மடித்திருப்பாள். ஒன்றின் மூலை கூட விலகவில்லை.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தாள். அவர் தன் அறையில் தட்டிக்கொண்டிருந்தார். இவள் சமையலறையில் உட்கார்ந்து, பாப்பாவின் பழைய டேப்லெட்டை எடுத்தாள். ஓரத்தில் விரிசல். படிக்கிறேன் என்று வாங்கி, படுத்துக்கொண்டு படம் பார்த்த டேப்லெட். அந்த விவாதப் பக்கத்தில் கணக்குத் தொடங்கப் பெயர் கேட்டது. தன் பெயரைப் போட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்று காலியாக விட்டாள். அதுவே 'பயனர் 7715' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டது. வெந்த விரல்களை ஒதுக்கி, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினாள். அரைமணி ஆயிற்று.

'இந்தப் பெண் சண்டையில் சாகவில்லை. தண்ணீர் கொண்டு வந்தாள். மழையில் வண்டி பிரேக் பிடிக்கவில்லை. படத்தில் ஒரு காலில்தான் பூட்ஸ் இருந்தது.'

அனுப்பினாள். 'டிங்.' உடனே வந்து விழ ஆரம்பித்தார்கள்.

'ஆதாரம்?'

'இன்றைக்குத்தான் கணக்குத் தொடங்கியிருக்கிறார், பாருங்கள் மக்களே.'

'எத்தனை பேருக்கு இப்படி எழுதச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்?'

'நீங்கள் என்ன, வண்டியில் கூட உட்கார்ந்திருந்தீர்களா?'

'அறம் வெல்லும்' எழுதினார்: 'நாம் சொன்னதுதான். வீராங்கனை என்றார்கள். கடைசியில் தண்ணீர் சுமந்திருக்கிறாள். அதற்கு எதற்குப் போர்முனை? அதை வீட்டிலேயே செய்திருக்கலாம்.'

அவள் ஒவ்வொன்றையும் வாய்க்குள் கூட்டிப் படித்தாள். உறைக்கவில்லை. யாரோ வீட்டுச் சண்டை ஜன்னல் வழியாகக் கேட்கிற மாதிரி இருந்தது. பக்கத்து அறையில் நாற்காலி கிரீச்சிட்டது. விசைகள் படபடவென்று விழுந்தன. இந்த வேகம் அவளுக்குத் தெரியும், கோபத்தின் வேகம். ஒரு நிமிஷம் கழித்து அவள் கையில் 'டிங்' என்றது.

'நடுநிலையாளன்: பயனர் 7715, இறந்த பெண்ணின் குடும்பத்தை எனக்கு நேரில் தெரியும். பெற்றவள் இதைப் படித்தால் என்ன பாடுபடுவாள் என்று ஒரு கணமாவது நினைத்தீர்களா? துளி மனசாட்சி இருந்தால் நீக்குங்கள்.'

அவள் இரண்டு முறை படித்தாள். டேப்லெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவருடைய அறை வாசலில் போய் நின்றாள்.

"இரு" என்றார் அவர், திரும்பாமல். "ஒரு அயோக்கியன் பாப்பாவைப் பத்திப் பொய் பரப்பறான். முடிச்சுட்டு வர்றேன்."

"முடிங்க. நான் நிக்கிறேன்."

அவர் தட்டினார். அவள் கையில் 'டிங்' என்றது. அவர் இன்னொரு வரி தட்டினார். மறுபடியும் 'டிங்'. அவருடைய விரல்கள் விசைகளுக்கு மேல் அப்படியே நின்றன. மெதுவாகத் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்ததைப் பார்த்தார்.

"நீயா?"

"நாந்தான்."

"யார் சொன்னது உனக்கு?"

"கூட இருந்த பொண்ணு ஒருத்தி. நேத்து வந்தா."

அவள் அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். நாலு நாள் சண்டை இல்லாதது, தண்ணீர் தீர்ந்தது, ஒட்டகம் என்ற பெயர், போர்வை, பிஸ்கட். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிரேக் வந்ததும் நிமிர்ந்தார்.

"ஒரு பக்கமா இழுத்துச்சா?"

"அப்படித்தான் சொன்னா."

"எழுதிக் கொடுத்தாங்களா?"

"மூணு தடவை."

"மூணு தடவையா?" அவர் குரல் இப்போதுதான் மாறியது. "பிரேக்குன்னு ஒருத்தன் ஒரு தடவை வாயால சொன்னா போதும், அன்னிக்கே லிஃப்டைப் பூட்டி சாவியைப் பையில போட்டுட்டு வந்துடுவேன் நான். அமைச்சரே உள்ள ஏறணும்னாலும் விடமாட்டேன். மூணு தடவையா எழுதிக் கொடுத்தாங்க? யார் ஓட்டினது?"

"அது எதுக்கு?"

"சும்மா கேட்டேன்."

"சும்மான்னா வேண்டாம்."

அவர் வற்புறுத்தவில்லை. திரையில் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறிக்கொண்டே இருந்தன. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கடைசித் தோட்டா நான் எழுதினது" என்றார் அவர்.

"தெரியும்."

"தெரிஞ்சும் நீ ஒண்ணும் சொல்லல."

"என்ன சொல்ல?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா என்று அவள் பார்த்தாள். அழவில்லை. ஓடி ஓடி நின்ற இயந்திரத்தில் மிச்சமிருக்கும் நடுக்கம் மாதிரி தோள் மட்டும் ஆடியது. அவள் போய் அந்தத் தோளில் கைவைத்தாள். என்ன உணர வேண்டும் என்று தெரியாமல், சும்மா வைத்திருந்தாள்.

*

அன்று மாலையே அவர் எழுதினார்: 'அந்தப் பெண் தண்ணீர் கொண்டு வரும்போது, பிரேக் கெட்ட வண்டி கவிழ்ந்து இறந்தாள். கடைசித் தோட்டா என்பது நான் கட்டிய கதை. நான் அவளுடைய தகப்பன்.' எத்தனை பேர் வண்டியில் இருந்தார்கள், யார் ஓட்டினார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அதற்கும் வந்து விழுந்தார்கள். நடுநிலையாளனின் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்று அவருடைய பக்கத்து ஆட்களே முடிவு கட்டினார்கள். 'அறம் வெல்லும்' மட்டும் ஒரு வரி எழுதியிருந்தார்: 'உண்மையாக இருந்தால், ஆழ்ந்த இரங்கல்.' அதற்குப் பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ராணுவ அலுவலகத்துக்குக் கையால் ஒரு கடிதம் எழுதினார். மூன்று முறை கொடுத்த புகார்க் காகிதங்கள் எங்கே, பார்த்தது யார், அதே மாதிரி வண்டிகள் இன்னும் எத்தனை ஓடுகின்றன? ஏழு பக்கம். வேலை முடிந்து வந்தவளிடம் படித்துக் காட்டினார். "நல்லா இருக்கு" என்றாள். ஆறு மணி அடித்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

வெடிதான் போன் பண்ணிச் சொன்னாள். "அக்கா, 'ஆம்'தான் ஜெயிச்சிருக்கு. மயிரிழையில."

"சரி."

"சந்தோஷமா இருக்கா, வருத்தமா இருக்கா? ஏதாவது சொல்லுக்கா."

"நாளைக்குக் காலையில கொஞ்சம் லேட்டா வருவேன். மேஸ்திரிகிட்ட சொல்லிடு."

சனிக்கிழமை காலையில் அவள் செருப்பை மாட்டும்போது, அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. முழங்காலைத் தாங்கித் தாங்கி அவர் நடக்க, அவளும் மெதுவாக நடந்தாள். இரவு பெய்த மழை தெருவில் தேங்கியிருந்தது. சுவரொட்டி நனைந்து ஒரு ஓரம் கழன்று தொங்கியது. அவர் நின்று, அதை மேலிருந்து கீழ்வரை கிழிபடாமல் உரித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பஸ் நிலையத்தில் அந்தப் பெண் தோளில் ஒரு பையை எப்படியோ மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் விறைத்துப்போனாள்.

"பாப்பாவோட அப்பா" என்றாள் இவள். "இது கூட இருந்த பொண்ணு."



அவர் வணக்கம் சொல்லவில்லை, விசாரிக்கவில்லை. அவளுடைய பையைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டார். இந்த முழங்காலோடு பஸ் படியில் ஏறி, ஜன்னலோர இருக்கைக்கு மேலே அதை வைத்து, விழுமா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்தார். அந்தப் பெண் பின்னாலேயே ஏறி உட்கார்ந்தாள். அவர் இறங்கி வந்து ஜன்னலுக்குக் கீழே நின்றார். டிரைவர் எஞ்சினைக் கிளப்பினார். பஸ் மொத்தமும் நடுங்கியது. அந்தப் பெண்ணின் உடம்பும் சேர்ந்து நடுங்கியதை இவள் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

"கை எப்ப சரியாகும்னாங்க?" என்றார்.

"ரெண்டு மாசம் ஆகும்னாங்கய்யா."

"ஆனதும் வண்டியை எடும்மா."

அந்தப் பெண் தலை குனிந்துகொண்டாள்.

"பயந்துக்கிட்டு எடுக்காம இருந்துடாத. முதல் நாள் கஷ்டமா இருக்கும். எடுத்துடு. ஆனா பிரேக்கை நீயே இறங்கி ஒரு தடவை பாத்துட்டுத்தான் எடுக்கணும். எவன் சரியா இருக்குன்னு சொன்னாலும் சரி."

அவளுடைய உதடு கோணியது. கட்டுப்போட்ட கையை ஜன்னல் கம்பிமேல் வைத்தாள்.

"சரிப்பா" என்றாள்.

பஸ் பின்னால் நகர்ந்து, திரும்பி, தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. அது வளைவில் மறையும்வரை இரண்டு பேரும் நின்றார்கள். யார் ஓட்டினார்கள் என்று அவர் அதற்குப் பிறகு எப்போதும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"வா" என்றார். "வேலைக்கு நேரமாகுது உனக்கு."